பெட்டிக்குள் உறங்கிய சொற்கள்

நுழையும்முன்

எழுதிவைத்தால் மட்டும் எழுத்து நிலைத்துவிடுவதில்லை. அதைப் படிக்கும் வழியும் நிலைக்க வேண்டும். ஓலையில் எழுதியவர்கள் இதனை அறிந்திருந்தார்கள். ஓலை நைவதற்குள் புதிய ஏட்டில் பெயர்த்து எழுதினார்கள். கணினியில் எழுதும் நாம் அப்படிச் செய்கிறோமா? 20 ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த ஒரு சொல்தொகுப்பை மீட்பதற்காகப் பழைய மடிக்கணினி ஒன்றைப் பழுது நீக்கிய தமிழாசிரியர் ஒருவரின் பட்டறிவு இது.

ஒரு வினா

திருச்சியிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில், வடமதுரைக்கு முன்னதாக வரும் ஊர் அய்யலூர். வண்டிக் கருப்பண்ணசாமி கோயிலின் முன் வண்டியை நிறுத்தி, ஒரு நொடி கைகூப்பிவிட்டுச் செல்லும் ஓட்டுநர்களை இங்கே எந்நேரமும் காணலாம். வியாழக்கிழமை விடியும் முன்பே ஆட்டுச் சந்தை கூடிவிடும். ஊரைச் சுற்றி மலைகளும் மேய்ச்சல் தரைகளும் தக்காளித் தோட்டங்களும் உள்ளன. நான் பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மண்ணில்தான். என் தந்தையார் ஆடு மேய்த்தவர். பின்னாளில் சந்தையில் தரகும் பார்த்தவர்.

2024ஆம் ஆண்டு, பதினொன்றாம் வகுப்பில் வட்டார வழக்கைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “அம்மா, எங்க தாத்தா ஆட்டுக்குட்டியை அடைச்சு வைக்கிற கூடையைக் ‘கொடாப்பு’ன்னு சொல்றாங்க. இந்த மாதிரி நம்ம ஊர்ச் சொல்லையெல்லாம் யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?” என்று கேட்டாள்.

“நான் எழுதி வைத்திருக்கிறேன், அம்மா. நாளைக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன்” என்றேன்.

அந்த ‘நாளை’ வருவதற்கு நான்கு மாதங்கள் ஆயின.

தொகுத்ததும் தொலைத்ததும்

2004ஆம் ஆண்டில் என் மாணவர்கள் பன்னிருவர் விடுமுறை நாள்களில் ஊர் ஊராகச் சென்று உழவு, மேய்ச்சல், சந்தை, சமையல் ஆகியவை குறித்த சொற்களைக் குறிப்பேடுகளில் எழுதி வந்தார்கள். அவர்களுக்கு அதிகமான சொற்களைத் தந்தவர் என் தந்தையார்தான். ஆட்டின் அகவையை ஆண்டில் சொல்லமாட்டார், பல்லில் சொல்வார். பல் போடாத குட்டி, இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என்று அவர் கணக்கு நீளும். பெண் செம்மறியை ‘மறி’ என்பார். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்கள் ஒன்பதை வகுத்துரைக்கிறது. மறி அவற்றுள் ஒன்று. பள்ளிக்கூடம் போகாத அவர் நாவில் அச்சொல் இருந்ததைக் கேட்டு அன்று நான் வியந்தேன்.

அந்த மழைக்காலத்தில் பள்ளியின் அறை ஒழுகியது. குறிப்பேடுகள் நனைந்து போகுமோ என்று அஞ்சி, அனைத்தையும் என் மடிக்கணினியில் தட்டச்சு செய்தேன். சொல், பொருள், வழங்கும் ஊர், சொன்னவர் என நான்கு கட்டங்கள். மொத்தம் 1,126 சொற்கள். ‘இனி இவை அழியா’ என்ற துணிவு வந்தது. ஏடுகளைப் பழைய தாள்களோடு சேர்த்துக் கட்டிப் பரணில் போட்டேன். கரையான் அவற்றை முடித்துவைத்தது. 2009ஆம் ஆண்டில் தந்தையார் மறைந்தார். இடையில் மடிக்கணினியும் இயங்காமல் நின்றது. அதை ஒரு துணியில் சுற்றி இரும்பு அலமாரியில் வைத்தேன். பாதுகாப்புக்கென எடுத்து வைத்திருந்த குறுந்தகட்டின் மேற்பூச்சு, நான் தேடி எடுத்த அன்று, மீன் செதிலைப் போல உரிந்து கையோடு வந்தது.

ஆக, தந்தையாரின் சொற்கள் இருந்த இடம் உலகில் ஒன்றே ஒன்றாயிற்று. அது இயங்காத அந்தப் பெட்டி.

முதலில் படியெடு

பேருந்து நிறுத்தத்தின் அருகே கைப்பேசியும் கணினியும் பழுது நீக்கும் கடை வைத்திருப்பவர் என் பழைய மாணவர். பெட்டியைப் பார்த்ததும் அவர் அதனை முடுக்கிப் பார்ப்பார் என எதிர்பார்த்தேன். அவரோ முதலில் மின்கலத்தைக் கழற்றினார். அது உப்பியிருந்தது. “இதைச் செருகி வெச்சுக்கிட்டு வேலை பார்க்கக் கூடாதும்மா, தீப்பிடிக்கும்” என்று கூறி அதனைத் தனியே வைத்தார். அடுத்ததாக வன்தட்டைக் கழற்றினார்.

“போட்டுப் பார்க்கவே இல்லையே, தம்பி?”

“இருபது வருசத் தட்டும்மா. இன்னும் எத்தனை தடவை சுத்தும்னு தெரியாது. சுத்துற ஒரு தடவையில முதல்ல படியெடுத்துடணும். அப்புறம்தான் பழுது பார்க்குறது எல்லாம்.”

அந்தக் கடையில் நான் கற்ற முதற்பாடம் அதுதான். மூலத்தின்மீது கை வைக்கும் முன் படியெடு. 40 கிகாபைட் கொள்ளளவுள்ள அந்தப் பழைய வகைத் தட்டை ஓர் இணைப்பியின் வழியாக லினக்ஸ் இயங்குதளமுடைய வேறொரு கணினியில் பொருத்தி, அதிலிருந்த ஒவ்வொரு பகுதியையும் அப்படியே பெயர்த்தெடுக்கப் பணித்தார். படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, படிக்க முடியாதவற்றுக்கு மீண்டும் மீண்டும் திரும்பி வரும் நிரல் அது. ஓர் இரவு முழுவதும் ஓடியது. காலையில் சில பகுதிகள் மட்டும் படிக்கப்படாமல் எஞ்சின. பழைய இயங்குதளம் தொடங்குவதற்கு வேண்டிய கோப்புகள் அப்பகுதியில் சிக்கியிருந்தன. என் சொல்தொகுப்புக் கோப்புகளோ பெரும்பாலும் தப்பியிருந்தன.

எங்கும் பவுண்டுக் குறிகள்

பெயர்த்தெடுத்த கோப்பைப் புதிய கணினியில் திறந்தோம். தமிழ் இல்லை. தலையில் கோடும் புள்ளியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளும், வரிக்கு வரி இங்கிலாந்து நாணயமான பவுண்டின் குறியும் திரையை நிறைத்திருந்தன.

“கோப்பு செத்துப்போகலைம்மா. அதைப் படிக்கத் தெரிஞ்ச ஆள்தான் இல்லாமப் போயிட்டாரு” என்றார் தம்பி.

எழுத்துக்கு ஒலிவடிவம், வரிவடிவம் என இரண்டு வடிவங்கள் உண்டு என்று இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். கணினியில் மூன்றாவதாக எண்வடிவம் ஒன்று உள்ளது. கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்னும் ஒப்பந்தமே குறியேற்றம். இன்று உலகெங்கும் வழங்கும் ஒருங்குறியில் ‘அ’வின் எண் 2949, ‘க’வின் எண் 2965. சென்னையில் 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசு ‘தமிழ் 99’ விசைப்பலகையையும் ‘டாம்’, ‘டாப்’ என்னும் குறியேற்றங்களையும் தரப்படுத்தியது. அந்த ‘டாம்’ முறை, ஆங்கிலமும் பிற ஐரோப்பிய மொழிகளும் பயன்படுத்திய 256 இடங்களுக்குள்ளேயே தமிழெழுத்துகளை அமர்த்தியது. அதில் 163ஆம் இடம் நம் துணைக்காலுக்கு உரியது. ஐரோப்பிய முறையில் அதே இடம் பவுண்டுக் குறிக்கு உரியது. திரையில் நான் கண்ட ஒவ்வொரு பவுண்டும் உருமாறி நின்ற ஒரு துணைக்கால்!

எழுத்தை மட்டும் மாற்றித் தரும் குறியேற்ற மாற்றிகள் உள்ளன. ஆனால் எங்கள் இடர் அதனோடு முடியவில்லை. நான் பயன்படுத்திய தமிழ் மென்பொருள், அட்டவணையைத் தனக்கே உரிய வடிவில் பொதிந்து வைத்திருந்தது. சொல் ஓரிடத்திலும் பொருள் வேறோரிடத்திலும் சிதறிக் கிடந்தன. எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள், சொன்னவர் யார் என்பதை அந்த மென்பொருள் ஒன்றே அறியும். அதுவோ 16 பிட் காலத்து நிரல். இன்றைய 64 பிட் விண்டோஸ் அதனை இயக்காது. பழைய இயங்குதளத்தைப் புதிய கணினிக்குள் மெய்ந்நிகராக இயக்கலாமே என்று கேட்டேன். தம்பி, பெட்டியோடு துணியில் சுற்றியிருந்த சிறு பொருள் ஒன்றைக் காட்டினார். தீப்பெட்டி அளவுள்ள ‘டாங்கில்’ அது. மென்பொருளைப் பிறர் படியெடுத்துப் பயன்படுத்தாதபடி அக்காலத்தில் உடன் தரப்பட்ட பூட்டு. அச்சுப்பொறியை இணைப்பதற்கான 25 துளை வாயிலில் அதைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். அத்தகைய வாயில் இன்றைய மடிக்கணினிகளில் இல்லை.

எனவே, பழைய பெட்டியே பிழைத்தெழ வேண்டும். அதில் விண்டோஸ் எக்ஸ்பி மீண்டும் இயங்க வேண்டும்.

> தெரிந்து தெளிவோம்
> விண்டோஸ் எக்ஸ்பி 2001ஆம் ஆண்டு அக்டோபர் 25 அன்று வெளியானது. அதற்கான பாதுகாப்பு மேம்பாடுகளை வழங்குவதை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. எனவே, இத்தகைய பழைய இயங்குதளத்தை இணையத்தோடு இணைத்துப் பயன்படுத்துதல் கூடாது.

பெட்டி பிழைத்த கதை

திருகுகளைக் கழற்றும்போதே எந்தத் திருகு எந்தத் துளைக்குரியது என்பதைத் தாளில் படம் வரைந்து, அதனதன் இடத்தில் ஒட்டி வைத்தோம். காற்றாடியின் இதழ்களில் தூசு பஞ்சுபோல் படிந்திருந்தது. செயலியின் வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது. அதைத் துடைத்துப் புதுப்பசையை ஓர் அரிசி அளவு வைத்தார் தம்பி. நினைவகப் பலகையின் பொன்னிறத் தொடுமுனைகள் மங்கியிருந்தன. “அம்மா, பையில ரப்பர் இருக்கா?” என்றார். மாணவர் விடைத்தாளில் பென்சில் கோட்டை அழிக்க நான் வைத்திருந்த அழிப்பானால் அவற்றை மெல்லத் தேய்த்தார், முனைகள் மின்னின. நாளையும் நேரத்தையும் காத்துவைக்கும் காசு வடிவ மின்கலத்தை மாற்றினோம். மின்தகவியின் முனை வேறொரு மின்தகவியிலிருந்து வந்தது; வன்தட்டு, விசைப்பலகை உடைந்து கடையில் கிடந்த மற்றொரு பெட்டியிலிருந்து வந்தது. மூல வன்தட்டைத் துணியில் சுற்றி நானே வைத்துக்கொண்டேன்.

பெட்டி உயிர்பெற்றது. எக்ஸ்பி குறுந்தகட்டை இட்டதும் நீலத்திரையில் வெள்ளை எழுத்துகள் தோன்றின. ‘இன்னும் ஏறத்தாழ 39 நிமிடங்கள்’ என்று அது காட்டிய கணக்கு எனக்கு நினைவிருந்தது. பழைய உறவினரை வாசலில் கண்டதுபோல் இருந்தது. இடையில் 25 எழுத்துகள் கொண்ட உரிமக் குறியைக் கேட்டது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த அச்சீட்டு, கை பட்டுத் தேய்ந்து மங்கியிருந்தது. நேரே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது எழுத்துகள் எழும்பி வந்தன. ஆனால் ஓரிடத்தில் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தா, எண் எட்டா என்று விளங்கவில்லை.

ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. விளக்குக் கரியையோ கோவையிலைச் சாற்றையோ மஞ்சளையோ தடவித்தான் படிப்பார்கள். ஓலை கிழியும் என்று புள்ளியும் இடமாட்டார்கள். மெய்யா உயிர்மெய்யா என்பதைப் படிப்பவர்தாம் இடமறிந்து தெளிய வேண்டும். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்ட உ.வே.சா. அவர்களைப் பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஒரே ஓர் எழுத்தின் ஐயத்திற்காக ஒருவர் எவ்வளவு நேரம் குனிந்து உட்கார வேண்டியிருக்கும் என்பது அன்றுதான் என் கழுத்து வலியில் புரிந்தது. எட்டு என்று இட்டோம், ஏற்கவில்லை. மற்றதை இட்டோம், ஏற்றுக்கொண்டது.

உரிமத்தை உறுதிசெய்யாமல் எக்ஸ்பியை 30 நாள்கள் பயன்படுத்தலாம். எங்கள் பணிக்கு அது போதும். இணையக் கம்பியைப் பெட்டியின் பக்கமே கொண்டுசெல்லவில்லை. பழைய மென்பொருளை நிறுவினோம்; பூட்டைச் செருகினோம்; பெயர்த்தெடுத்த கோப்பை விரலியில் கொண்டுவந்து திறந்தோம்.

முதல் வரியிலேயே ‘கொடாப்பு’ இருந்தது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். உண்மையில் முதலில் வந்தது ‘அலகு’. பொருள்: தழை இழுக்கும் நீண்ட கழி. சொன்னவர் என்னும் கட்டத்தில் ‘அப்பா’ என்றிருந்தது. ஆய்வுத் தொகுப்பில் சொன்னவரின் பெயரை எழுத வேண்டும் என்று மாணவர்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னவள் நான். என் முறை வந்தபோது ‘அப்பா’ என்றே எழுதியிருக்கிறேன். திரையை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி தேநீர் வாங்கிவருவதாகச் சொல்லி வெளியே போனார்.

கொம்பு முன்னா, பின்னா?

மென்பொருளில் திறந்த அட்டவணையை எளிய உரைக்கோப்பாக மாற்றினோம். அதனை ஒருங்குறிக்குக் கொண்டுவரும் பணியை என் வகுப்பு மாணவர்களே எடுத்துக்கொண்டார்கள். மென்பொருள் தன் விருப்பப்படி இடம் மாற்றி வைத்திருந்த சில எழுத்துகளையும் சேர்த்து, பழைய எண் இது, ஒருங்குறி எண் இது என ஓர் அட்டவணை வரைந்தார்கள். மாற்றிப் பார்த்தபோது ‘கொடாப்பு’ என்னும் சொல்லில் கொம்பு ககரத்தை விட்டு விலகி, தனியே முன்னால் நின்றது.

பழைய முறையில், கையால் எழுதுவதைப் போலவே, முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், பிறகு துணைக்கால் என மூன்று குறிகள் வரிசையாக நிற்கும். ஒருங்குறியிலோ ஒலிக்கும் முறைப்படி முதலில் ககரம். பின்னரே ஒகரத்தின் குறி. மெய் முன்னும் உயிர் பின்னுமாய் ஒலிப்பதே உயிர்மெய் என்று நம் இலக்கணம் சொல்வதை ஒருங்குறி பின்பற்றுகிறது. எனவே எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது. வரிசையையும் மாற்ற வேண்டும். இந்த விதியைக் கண்டுபிடித்தவள் முதல்நாள் வினா எழுப்பிய அதே மாணவி. உயிர்மெய்யின் இலக்கணத்தை நான் கரும்பலகையில் விளக்கிய நாளைவிட அன்று அவர்களுக்கு அது நன்றாக விளங்கியது.

இங்கு என் தவற்றையும் சொல்ல வேண்டும். நான் தட்டச்சு செய்த காலத்திலேயே எக்ஸ்பியில் ஒருங்குறித் தமிழும் ‘லதா’ என்னும் எழுத்துருவும் இருந்தன. குறுந்தகட்டை இட்டு அதற்கான வசதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பழகிய எழுத்துருவை விட மனமின்றி நான் அதனைச் செய்யவில்லை. 2010ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றபோதும், பெட்டி அலமாரியில்தானே இருக்கிறது என்று வாளாவிருந்தேன். என் சொற்களைப் பூட்டி வைத்தது அந்த டாங்கில் மட்டுமன்று, என் சோம்பலும்தான்.

வெற்றுக் கட்டங்கள்

1,126 சொற்களுள் 1,109 மீண்டன. வன்தட்டின் படிக்க முடியாத பகுதியில் 17 சொற்கள் அழிந்துவிட்டன. அவை அனைத்தும் சந்தைச் சொற்கள். என் தந்தையார் சொன்னவை. சில வரிகளில் பொருள் இருந்தது, சொல் இல்லை. சிலவற்றில் ‘அப்பா’ என்பது மட்டும் எஞ்சியிருந்தது.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலையில் மாணவர் நால்வரோடு சந்தைக்குச் சென்றேன். பனியும் ஆட்டு மணமும் கலந்த இருளில், தந்தையாரோடு தரகு பார்த்த பெரியவர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். துண்டுக்கு அடியில் விரலைத் தொட்டு விலை பேசிய காலத்தை அவர் கையாலேயே நடித்துக் காட்டினார். எஞ்சியிருந்த பொருள்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினோம். அவர் கண்ணை மூடி யோசித்துச் சொற்களைச் சொன்னார். அருகில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பதினான்கு சொற்கள் கிடைத்தன.

மூன்று கிடைக்கவில்லை. “அது ஒங்கப்பன் சொல்றதும்மா. எங்களுக்கு வராது” என்றார் பெரியவர்.

‘பொருத்தமான சொல்லை நாமே இட்டுவிடலாமா?’ என்று ஒரு மாணவன் கேட்டான். கூடாது என்றேன். புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பதிப்பித்தவர்கள் அவ்விடத்தைத் தாமே எழுதி நிரப்பவில்லை. எண்ணை அப்படியே விட்டுவைத்தார்கள். இழப்பை இழப்பென்று காட்டுவதும் பதிப்பின் கடமை. எங்கள் தொகுப்பிலும் அந்த மூன்று கட்டங்கள் வெறுமையாகவே உள்ளன.

எங்கள் மலைப்பகுதியில் தேவாங்கு வாழ்கிறது. அதைக் காக்க 2022ஆம் ஆண்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காட்டைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சொற்களுக்கு அப்படி வேலியிட முடியாது. அவற்றை வழங்கும் நாவிலும், பெயர்த்தெழுதும் கையிலும்தான் அவை வாழ வேண்டும்.

இப்போது அத்தொகுப்பு எந்தக் கணினியிலும் திறக்கும் எளிய ஒருங்குறிக் கோப்பாக மூன்று இடங்களில் உள்ளது. தாளில் அச்சிட்ட படி ஒன்று பள்ளி நூலகத்தில் உள்ளது. ஆண்டுதோறும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் அக்கோப்புகளைத் திறந்து பார்த்து, புதிய கருவிக்குப் பெயர்த்துவைக்க வேண்டும் என்று வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம்.

பழைய பெட்டி தன் பணி முடிந்து மீண்டும் அலமாரிக்குச் சென்றுவிட்டது. அதன் பக்கவாட்டில் டாங்கில் செருகியபடியே இருக்கிறது. ஆனால் அந்த மாணவி வியாழக்கிழமைகளில் சந்தைக்குப் போய்வருகிறாள். “அம்மா, இன்னைக்கும் அந்த மூணு கிடைக்கலை, ஆனா புதுசா ரெண்டு கிடைச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு, அட்டவணையின் இறுதியில் தன் தாத்தாவின் பெயரை எழுதுகிறாள்.